முப்பது பேருக்கு ஒரே சர்வர்

சிந்துஜா என்டரைத் தட்டிய பிறகுதான், அந்த அறையில் எந்தக் கணினிக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

கடைசி வரிசை மூலையில், யாருக்கும் ஒதுக்காத உபரிக் கணினியின் முன்னால் அவள் நின்றிருந்தாள். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஜலதாரையில் ஓடும் மழைத்தண்ணீர்போல ஓடின. ஒவ்வொரு பெயரும் வந்த வேகத்தில் அழிந்து மேலே போனது. விரல்கள் தாமாகவே நிறுத்தும் சாவிகளுக்குப் போயின. ஓட்டம் நின்றது. ஆனால் அதற்குள் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. கோப்புகளைப் பட்டியலிடச் சொல்லி ஒரு கட்டளை அடித்தாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொன்னது.

போன கோடை விடுமுறை வரை இங்கே ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது இந்தத் தனியார் பாலிடெக்னிக். கணினி அறைக்குச் சிந்துஜாதான் பொறுப்பு. கடல் காற்றின் உப்போ, மின்சாரத்தின் ஏற்ற இறக்கமோ, வருடத்துக்குப் பாதி டிஸ்குகள் செத்தன. அவளுடைய அக்கா மங்கலத்தின் கணவர் அன்பரசு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினிக் கடை வைத்திருப்பவர், ஒருநாள் வந்து எல்லா டிஸ்குகளையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டார். பக்கத்து அறையில் ஒரு சர்வரை நிறுத்தினார். அன்றிலிருந்து, பொத்தானை அமுக்கியதும் கணினி கேபிள் வழியாக அந்தச் சர்வரிடம் போய் நிற்கும். அங்கே இருக்கும் ஒரே ஒரு இயங்குதளத்திலிருந்து அப்போதைக்கு வேண்டியதை வாங்கித் தன் மெமரியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். மேசைகள் பல, திரைகள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்.

அது அவள் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. பழைய நாட்களில் மாணவர்கள் குப்பையாக்கிவிட்ட கணினியை அவள் பழுது பார்த்ததில்லை. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவாள். அதற்கென்றே ஒரு கட்டளைத் தொடரை எழுதித் தன் பென் டிரைவில் வைத்திருந்தாள். இன்று தேர்வு நடக்கும்போது யாருடைய கணினியாவது நின்றுபோனால் அவரை மாற்றி உட்காரவைக்க மூலைக் கணினி சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததுகூட இல்லை. கை போனது.

அழிந்தது மூலைக் கணினியில் இருந்தது அல்ல. அதில் அழிவதற்கு எதுவுமே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். யாராவது கத்துவார்கள், நாற்காலி நகரும், 'மேடம்' என்று முப்பது குரல் எழும். எதுவும் எழவில்லை. சாவிப்பலகைகளின் சத்தம் மட்டும் கேட்டது, ஓட்டுக்கூரைமேல் தூறல் விழுவதுபோல. மெல்லத் திரும்பினாள். முப்பது பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். திரைகள் ஒளிர்ந்தன. கேள்விகள் மாறின. மின்விசிறி சுற்றியது. வாசலருகே நாற்காலியில் இருந்த தலைமைக் கண்காணிப்பாளர் கார்த்திகேசன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்பதுபோல.

அவளும் தலையசைத்தாள். ஒரு கத்தல் கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. இவர்கள் நிற்கும் தரை போய்விட்டது, இவர்களுக்குத் தெரியவில்லை, நடந்துகொண்டிருக்கிறார்கள்.

*

சர்வர் அறை ஒரு கழிப்பறை அளவுதான் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு அன்பரசுவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். சர்வருக்கென்று தனி இயங்குதளமும் தனி டிஸ்கும் உண்டு. அது நன்றாகவே இருந்தது. அதில் உட்கார்ந்து, கணினிகளுக்குப் பரிமாறும் பெரிய கோப்புறையைத் திறந்தாள். பாதிக்கு மேல் வெறுமை. சில இடங்களில் கோப்புறையின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. காலி செய்துகொண்டு போன வீட்டின் அலமாரிகள்போல. மூன்றாவது முறை அடித்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் இருப்பார்.

கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். பின்னால் ஜனங்கள் பாடுவது கேட்டது.

"இன்னா சிந்து, பூசை நேரத்துல இத்தினி தடவ அடிக்கிற? உங்க அக்கா மொறைக்கிறா. செருப்புகூட போடாம வெளிய வந்து நிக்கிறேன்."

"மாமா, அழிச்சிட்டேன்."

"எத?"

"மூலையில ஸ்பேர் மெஷின் இருக்குதில்ல, அத கிளீன் பண்ணலாம்னு... பழைய ஸ்கிரிப்ட ஓட்டிட்டேன்."

பாட்டு மட்டும் கேட்டது. ஒரு அடி முழுவதும் பாடி முடித்து அடுத்த அடி தொடங்கினார்கள்.

"பரீட்ச நடக்குதா?"

"நடக்குது."

"எல்லாரும் அடிச்சிக்கிட்டிருக்காங்களா?"

"அடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க மாமா. அதான் எனக்கு ஜாஸ்தி பயமா இருக்குது."

"எலையில போட்டது எலையில இருக்குது. சோத்தையும் சாம்பாரையும் பெசஞ்சி துன்னுக்கிட்டிருக்கான். எவனாச்சும் ரசம்னு கேட்டாத்தான் சமையக்கட்டுல ஒண்ணுமில்லேன்னு தெரியும்."

"வெளையாடாதீங்க மாமா."

"வெளையாடல. பயந்தா என் வாய் இப்பிடித்தான் போவும், உங்க அக்காளக் கேளு." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நடக்கத் தொடங்கிவிட்டார். "தப்பு ஒனக்கு மட்டும் இல்ல. அத எவனும் அழிக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கணும். போன மாசம் அப்டேட் போடத் தொறந்தவன் பூட்டாம வுட்டுட்டேன். சரி, அழுவுறத அப்பறம் அழுவலாம். அந்தப் பதிலெல்லாம் எங்க இருக்குது இப்ப?"

"அவுங்கவுங்க மெஷின் மெமரில. சமர்ப்பின்னு கடைசில ஒரு பட்டன் இருக்குது. அத அமுக்குனாத்தான் வெளிய போவும்."

"அத அனுப்புற புரோகிராம்?"

"அது தனி. அமுக்கும்போதுதான் சர்வர்லேர்ந்து வரும்." அவள் கோப்புறையில் அதைத் தேடினாள். "அது போயிடுச்சி மாமா. இப்பத்தான் பாத்தேன்."

"அப்ப அதான் ரசம்."

அவள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் அமுக்கக் கூடாது சிந்து. கடையில என்கிட்ட முழு காப்பி இருக்குது. போயி அங்கேர்ந்து அனுப்புறேன். அது வரைக்கும் ஒருத்தனும் அமுக்கக் கூடாது, எந்த மெஷினயும் ஆஃப் பண்ணக் கூடாது. ஆஃப் பண்ணா மெமரி போச்சி, பதிலும் போச்சி."

"டைம் முடிஞ்சா அதுவே அமுக்கிக்கும் மாமா."

"எப்ப முடியும்?"

"பன்னெண்டு மணிக்கு."

ஸ்கூட்டர் உதைபடும் சத்தம் கேட்டது. "அங்க சூப்பர்வைசரா வந்திருக்கிற பெரியவருகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பிரச்சனைன்னு கேட்டா எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னுதான் அவனுங்களுக்குச் சொல்லிக்குடுத்திருப்பானுங்க. நான் கூப்புடுற வரைக்கும் மூஞ்சில மட்டும் எதையும் காட்டிக்காத."

*

தேர்வு கடலூரில் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கானது. பதிவேட்டுப் பிரிவில் நிரந்தர வேலை. காலையில் வாசலில் நுழைவுச்சீட்டுகளைச் சரிபார்த்தபோது சிந்துஜா கார்த்திகேசனின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு பெண்ணின் சீட்டைப் பார்த்துவிட்டு அவர், "இதோட வயசு வரம்பு முடியுதேம்மா" என்றார். "ஆமா சார். இத வுட்டா அவ்ளோதான்" என்று அந்தப் பெண் சொன்னாள். பெயர் தமிழ்ச்செல்வி. பரங்கிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில், வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக்கொடுக்கும் வேலை. கணவன் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. அவளை வண்டியில் கொண்டுவந்து விட்ட தம்பி வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். வேலை கிடைத்தால் தம்பி வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கடலூரில் தனியாக இருந்துகொள்வாள் என்றும் சொன்னான்.

அந்தத் தமிழ்ச்செல்வி இப்போது இரண்டாவது வரிசையில் இருந்தாள். அறையிலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. மற்றவர்கள் தேடித்தேடிக் குத்தினார்கள். அவள் மழை கொட்டுவதுபோல அடித்தாள். சிந்துஜா அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். நன்றாக எழுதுகிறவள்தான் முதலில் முடிப்பாள். முதலில் முடிக்கிறவள்தான் முதலில் அமுக்குவாள். ஒருத்தி திணற வேண்டும், தடுமாற வேண்டும், மெதுவாக எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று நினைத்தாள். ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

பயம் வந்தால் உலகம் சத்தமாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. எல்லாம் தள்ளிப் போயிற்று. மின்விசிறி ஏதோ பக்கத்து வீட்டில் சுற்றியது. சாலையில் போன பஸ்ஸின் ஹாரன் தண்ணீருக்குள் இருந்து கேட்டது. அருகில் இருந்தவை சின்னச் சின்ன அசைவுகள் மட்டும். முன்வரிசையில் தங்கராசு என்ற பையன் மவுசை மேலே கொண்டுபோனான். எதற்கு? அங்கே என்ன இருக்கிறது? மவுசு கீழே இறங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது. வேறொருவன் கழுத்தைச் சொடுக்கினான். இன்னொரு பெண் தண்ணீர் குடித்தாள். ஒவ்வொருவரும் தெரியாமல் ஒரு விளிம்பில் நடந்தார்கள். பாதையில் எந்தக் கல் இருக்கிறது, எது இல்லை என்று அவளுக்கே தெரியாது.

சொல்லிவிடலாமா என்று கார்த்திகேசனைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். நல்ல மனிதர்கள் விதிப்படி நடப்பவர்கள். விதி, எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லும்.

போன் இடுப்பில் அதிர்ந்தது. 'கடைக்கு வந்துட்டேன். அனுப்பறேன். லைன் மெதுவா போவுது.' சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று தாண்டியிருந்தது.

மழைச் சத்தம் நின்றது. அவள் அது எதன் சத்தம் என்று யோசித்து, பிறகு புரிந்து, இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். தமிழ்ச்செல்வி கையைத் தூக்கியிருந்தாள்.

சிந்துஜா ஓடாமல் நடக்க முயன்றாள்.

"முடிச்சிட்டேன் மேடம். குடுத்துட்டுப் போலாமா?"

அவளுடைய மவுசின் அம்பு 'சமர்ப்பி' என்ற பச்சைப் பொத்தானின் மேலேயே நின்றது.

"இன்னும் டைம் இருக்குதேம்மா" என்றாள் சிந்துஜா. தன் குரல் சரியாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இன்னொரு தடவ பாத்துடுங்க."

"பாத்துட்டேன் மேடம்."

"மறுபடியும் பாருங்க. மொதல்லேர்ந்து. அவசரப்பட வேணாம்."

தமிழ்ச்செல்வி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு, ஆசிரியர் எதையோ சுட்டிக்காட்டிவிட்டார் என்று நினைக்கும் மாணவியின் கலக்கம் அவள் கண்ணில் வந்தது. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு முதல் கேள்விக்குப் போனாள். அம்பு பச்சைப் பொத்தானை விட்டு விலகியது.

சிந்துஜா சுவரில் சாய்ந்துகொண்டாள். முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

*

சர்வர் அறையில் கோப்புறை நிரம்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பெயராக, வற்றிய குட்டையில் தண்ணீர் ஊறுவதுபோல வந்தது. அன்பரசு போனில் காத்திருந்தார். அவர் கடையின் முன்னால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் யாரோ கிரிக்கெட் விளையாடுவதும் கத்துவதும் கேட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தது.

"மாமா, இங்கயே ஒரு காப்பி வெச்சிருக்கலாமில்ல?"

"வெச்சிருக்கலாம்."

"ஏன் வெக்கல?"

"வெக்கல, அவ்ளோதான்." பிறகு, "கேளு சிந்து. எல்லாம் வந்தப்புறமும் நிச்சயம்னு சொல்ல முடியாது. புதுசா எழுந்திரிக்கிற மெஷினுக்குப் பிரச்சன இல்ல. ஆனா ஓடிக்கிட்டிருக்கிறது இருக்குதே, அதுங்க பழைய கோப்பத்தான் புடிச்சிக்கிட்டிருக்குது. நாம வெக்கிறது அதே பேருல வேற கோப்பு. சமர்ப்பின்னு அமுக்குறப்ப புதுசத் தேடிப் போவலாம். பழசையே தேடிட்டு நின்னும் போயிடலாம்."

"நின்னா?"

"அந்தப் பதில் போச்சி."

கதவை யாரோ தட்டினார்கள். கார்த்திகேசன்தான். "அம்மா, அந்தப் பொண்ணு கூப்புடுது. ஏதோ படம் காணோமாம்."

தமிழ்ச்செல்வியின் திரையில் ஒரு கேள்வி இருந்தது. கேள்விக்குக் கீழே, வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் வெற்றுக் கட்டம்.

"முன்னாடி இங்க படம் இருந்துச்சி மேடம். பாத்துத்தான் பதில் போட்டேன். இப்ப மறுபடி வரேன், இல்ல."

தமிழ்ச்செல்வி பழைய கேள்விக்குத் திரும்பிப் போகவில்லை என்றால் கணினி அந்தப் படத்தைச் சர்வரிடம் மறுபடி கேட்டிருக்காது. சிந்துஜாதான் போகச் சொன்னாள். அவள் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து மனதில் இருந்த பள்ளம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இனி எங்கெங்கே தெரியும்?

"சார்," என்றாள் கார்த்திகேசனிடம். "கொஞ்சம் வெளிய வாங்க."

வராந்தாவில் வெயிலில் கண் கூசியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இலை, சமையல்கட்டு என்று அன்பரசு சொன்னபடியே சொன்னாள், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கார்த்திகேசனின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தது, வைத்தது, எடுத்தது.

"எனக்குக் குடுத்திருக்கிற விதி இதும்மா. கோளாறுன்னா எல்லாத்தையும் அணைச்சித் திருப்பிப் போடணும்."

"அணைச்சா எல்லார் பதிலும் போயிடும் சார்."

"அணைக்காம போனா?"

"தெரியல சார்."

"எப்ப நடந்துச்சி இது?"

அவள் சொன்னாள்.

"அப்பலேர்ந்து இங்கதானம்மா ஒக்காந்திருக்கேன். நீ என்ன பாத்துத் தலையாட்டுன."

"பயமா இருந்துச்சி சார்."

அவர் கதவு வழியாக உள்ளே பார்த்தார். விதியைப் பற்றி யோசித்தாரா, தன்னைப் பற்றியா, உள்ளே இருக்கும் முப்பது பேரைப் பற்றியா என்று தெரியவில்லை. அவர் நெற்றியிலும் வியர்வை இருப்பதைச் சிந்துஜா அப்போதுதான் கவனித்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றார் கடைசியில். "ஆனா இது அவுங்க பதிலு. அவுங்களுக்குத் தெரியணும். வா."

உள்ளே போய் எல்லோரையும் கையைச் சாவிப்பலகையிலிருந்து எடுக்கச் சொன்னார். சிந்துஜா முன்னால் நின்று, நடந்ததையும் பன்னிரண்டு மணிக்குக் கணினிகள் தாமே சமர்ப்பித்துவிடும் என்பதையும் சொன்னாள். தன் தவறு என்றும் சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. திரைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று பார்த்தார்கள். பிறகு, நடுவில் ஒருவன் எழுந்தான்.

"இன்னா மேடம் இது? அப்ப இவ்ளோ நேரம் நாங்க அடிச்சதெல்லாம் தண்ணில எழுதுனதா?"

"ஒக்காருப்பா," என்றார் கார்த்திகேசன்.

"ஒக்காந்து இன்னா சார் ஆவப் போவுது? நான் கும்பகோணத்துலேர்ந்து வரேன்."

"தம்பி, மேசையத் தட்டாத," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "தட்டி எதாச்சும் அமுங்கிடப் போவுது."

அவன் கையைத் தூக்கிக்கொண்டான். சிரிப்பு ஒன்று எழுந்து பாதியில் நின்றுபோயிற்று. அதன்பிறகு அறையில் வந்த அமைதி சிந்துஜாவுக்குப் புதிது. இதுவரை பயம் அவளிடம் மட்டும் இருந்தது. இப்போது முப்பது பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பு படுத்திருக்கும் பாயைப் பார்ப்பதுபோலத் தங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைகளின் ஓரத்தில் மீதி நேரம் குறைந்துகொண்டே வந்தது.

*

"வந்துடுச்சி," என்றார் அன்பரசு. "மூலை மெஷின ஆன் பண்ணு."

மூலைக் கணினி எழுந்தது. எப்போதும் போல, ஒன்றுமே நடக்காததுபோல, நீலத் திரை காட்டியது. தேர்வு நிரலைத் திறந்து, ஏதோ ஒரு பதிலைப் போட்டுச் சமர்ப்பித்துப் பார்த்தாள். போனது.

"இது புதுசா எழுந்தது," என்றாள் கார்த்திகேசனிடம். "அதுங்களுக்கு இதே மாதிரி போவும்னு சொல்ல முடியாது சார்."

"எப்பத் தெரியும்?"

"யாராச்சும் அமுக்குனாத்தான்."

அவர் அறையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதன்பிறகு முப்பதும் ஒன்றாகத் தாமே அமுக்கிக்கொள்ளும். ஒருவர் முன்னால் அமுக்கிப் பார்த்து, அவர் பதில் போகவில்லை என்றால், மற்றவர்கள் மிச்ச நேரத்தில் முடிந்தவரை பதில்களைக் காகிதத்திலாவது எழுதிக்கொள்ளலாம். மருத்துவமனைக்காரர்கள் அதை ஏற்பார்களோ என்னவோ. ஆனால் அந்த ஒருவருக்கு அதுவும் கிடையாது.

"யாரு முடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

கும்பகோணத்துப் பையன் தன் காலைப் பார்த்தான். தங்கராசு உதட்டைக் கடித்துக்கொண்டான். முடித்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். முடித்தேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. சிந்துஜா இரண்டாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தாள்.

"நான் முடிச்சி ரொம்ப நேரம் ஆவுது," என்றது தமிழ்ச்செல்வியின் குரல்.

"நீங்க வேணாம்," என்றாள் சிந்துஜா. வாய் தவறி வந்துவிட்டது.

"ஏன் மேடம்?"

இதுதான் உங்களுக்குக் கடைசி என்று முப்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"பன்னெண்டு மணிக்கு அதுவே அமுக்கிக்கப் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் தமிழ்ச்செல்வி. "அது அமுக்குறதுக்கு நானே அமுக்கிடுறேன். என்னமோ, வெயிட் பண்ண முடியல என்னால."

அவள் மவுசைப் பிடித்தாள். அம்பு பச்சைப் பொத்தானைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மற்றவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கார்த்திகேசன் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

அமுக்கினாள்.

பொத்தான் பச்சையிலிருந்து சாம்பலானது. அம்பு ஒரு சின்ன வளையமாகிச் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. திரையில் வேறு எதுவும் மாறவில்லை. வளையம் ஒரு கணம் நின்றது. மறுபடி சுற்றியது. தமிழ்ச்செல்வி வளையத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள். அவள் உதடுகள் அசையவில்லை. வேண்டிக்கொள்ளவும் இல்லைபோல. வெறுமனே மூடியிருந்தாள். போனில் அன்பரசு, "சிந்து? சிந்து, இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று பிறகு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள்.

திரை வெளுத்தது. நடுவில் ஒரு வரி வந்தது. உங்கள் பதில்கள் பெறப்பட்டன.

"அக்கா, போயிடுச்சிக்கா!" என்று தங்கராசு கத்தினான். தமிழ்ச்செல்வி கண்ணைத் திறந்து அந்த வரியைப் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல மெதுவாகப் படித்தாள். சுற்றிலும் நாற்காலிகள் இழுபட்டன, மிச்சம் இருந்ததை அடிக்கச் சாவிப்பலகைகள் அலறின. ஒவ்வொன்றாகப் போயின. சில சீக்கிரம் போயின, சில வளையத்தில் நின்று நின்று போயின. ஒவ்வொன்றுக்கும் சிந்துஜா முதலிலிருந்து பயந்தாள்.

*

எல்லோரும் போனபிறகு அவள் வெளியே வந்தாள். பாலிடெக்னிக் எதிரே பஸ் நிறுத்தத்தில் தமிழ்ச்செல்வி தனியாக நின்றிருந்தாள்.

"தம்பி வரலையா?" என்று கேட்டாள் சிந்துஜா.

"வேலைக்குப் போயிட்டான் மேடம். பஸ்லதான் போவணும்."

இருவரும் நின்றார்கள். சிந்துஜா என்னவோ சொல்ல நினைத்தாள். நன்றி என்பது சரியாகப் படவில்லை. மன்னிப்பு என்பதும் அந்த வெயிலில் சின்னதாகத் தோன்றியது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்," என்றாள் தமிழ்ச்செல்வி. "மறுபடி மொதல்லேர்ந்து பாருங்கன்னு சொன்னீங்களே. அது நான் எதையோ தப்பாப் போட்டிருக்கேன்னு பாத்துட்டுச் சொன்னீங்களா? இல்ல என்ன அமுக்க வுடாம நிறுத்தவா?"

"நிறுத்தத்தான்," என்றாள் சிந்துஜா. "நான் உங்க பதில் எதையும் பாக்கல."

தமிழ்ச்செல்வி சாலையின் அந்தப் பக்கம் பார்த்தாள். பரங்கிப்பேட்டை பஸ் தூரத்தில் வளைவில் தெரிந்தது.

"நான் ரெண்டு பதில மாத்திட்டேன் மேடம். நீங்க அவ்ளோ அழுத்திச் சொன்னதும், தப்பு இருக்குதுபோலன்னு தோணிடுச்சி. தேடித்தேடி ரெண்ட மாத்துனேன்."

சிந்துஜாவுக்குச் சாலையின் சத்தம் மறுபடியும் தண்ணீருக்குள் இருந்து கேட்டது. "எந்தக் கேள்வி? எத எதுவா மாத்துனீங்க?"

தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம் மேடம். நான் சொன்னா, சரியா தப்பான்னு நீங்க மூஞ்சில காட்டிடுவீங்க. காலையிலேர்ந்து உங்க மூஞ்சத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை சிந்துஜாவையே பார்த்தாள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் சிந்துஜா முகத்தில் எதையும் அசையவிடாமல் நின்றாள்.